கடைசி வரிசையின் வேகம்

3 ஜூன், திங்கள்

லேப் பதிவேட்டுக்கு என்று வாங்கிய நோட்டுகளில் இது ஒன்று மிஞ்சியது. இதில் எழுதத் தோன்றியதற்குக் காரணம் கோபம். கோபத்தை வீட்டுக்காரரிடம் சொன்னால் "டீ போடட்டா?" என்பார். நோட்டு அப்படிக் கேட்காது.

நடந்தது இதுதான். எங்கள் பாலிடெக்னிக்கை ஆன்லைன் தேர்வு மையமாக்க வேண்டும் என்று டிரஸ்ட் மூன்று வருடமாக அலைகிறது. வருகிற பதினெட்டாம் தேதி தேர்வு நடத்தும் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள். அறுபது கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் வினாத்தாள் திறக்க வேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கிற நூறு மெகாபிட் ஸ்விட்ச் போதாது, ஆயிரம் வேண்டும் என்றார்கள். ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிளும் வந்து சேர்கிற பெட்டி. வீட்டுக்காரர் சுடலைமுத்து மின்வாரியத்தில் லைன்மேன். அவருக்கு இதைப் பத்து வருடமாகச் சொல்கிறேன், பத்து வருடமாக மறக்கிறார்.

புதுப்பெட்டி வாங்க மனமில்லாமல், தூத்துக்குடி ஜெரால்டு மச்சாது என்பவரிடம் பழைய பெட்டி மூன்று வாங்கிவிட்டார் பிரின்சிபால் வன்னியராஜன் சார். பெரிய கம்பெனிகள் கழித்துப் போடுவதை வாங்கித் துடைத்து விற்பவர் இந்த ஜெரால்டு. இன்று அவரே வந்து மாட்டினார். என் வயது இருக்கும், நாற்பத்து நாலு நாற்பத்தைந்து. பேச்சு குறைவு. மாட்டும்போது என் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பிளக்கைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது யாரு போட்டது மேடம்?"

"நான்தான். அறுபதும் என் கை."

"அழகா இருக்கு" என்றார்.

அழகுதான். பதினொரு வருடத்தில் ஒன்று கழன்றதில்லை.

மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோதனைத் தேர்வு ஓட்டினோம். முதல் வரிசை பறந்தது. கடைசி இரண்டு வரிசையில் வினாத்தாள் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கடைசி வரிசை எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அங்கே காற்றோட்டம் கிடையாது. ஆனால் இவ்வளவு மோசமில்லை. பழைய சாமான் பழைய சாமான்தான்.

4 ஜூன், செவ்வாய்

"பெட்டி சரியில்லைன்னு வாயால சொன்னா ஆகாது சௌந்தரவல்லி மேடம், நம்பர் குடுங்க" என்றார் பிரின்சிபால்.

நெட்வொர்க் வேகத்தை அளக்கிற கருவியின் விலை விசாரித்தேன். அதற்கு ஒரு கார் வாங்கிவிடலாம். இருப்பதை வைத்து அளப்போம் என்று முடிவு செய்தேன். நாலு ஜிபிக்கு ஒரு சினிமா கிடந்தது. அதை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஜெரால்டின் பெட்டி வழியாகக் காப்பி போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கணக்குப்படி நாற்பது நொடிக்குள் போக வேண்டும். போனது ஒரு நிமிடம் ஐம்பது நொடி. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே.

எண் கையில் கிடைத்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். உடனே பிரின்சிபாலுக்கு மெயில் அனுப்பினேன்: "ஜெரால்டு மச்சாது வழங்கிய மூன்று ஸ்விட்சுகளும் சொன்ன வேகத்தில் பாதிகூடத் தரவில்லை. திருப்பி அனுப்பவும், இனி இவரிடம் வாங்க வேண்டாம் என்றும் பரிந்துரைக்கிறேன்."

மூன்று பெட்டிகளில் ஒன்றைத்தான் அளந்தேன். மற்ற இரண்டும் அதே ஜாதிதானே.

6 ஜூன், வியாழன்

ஜெரால்டு போன். மெயிலைப் பிரின்சிபால் அவருக்கே அனுப்பியிருக்கிறார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"மேடம், என் பெட்டியைக் கழட்டி ஓரமா வச்சிருங்க. ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒரே கேபிள்ல நேருக்கு நேரா மாட்டி, அதே படத்தக் காப்பி போடுங்க. அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ள கம்பெனிக் கேபிள் ரெண்டு கிடக்கும், அதுல போடுங்க. எவ்வளவு நேரம் ஆகுன்னு பாருங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஆளுக்கு என் கம்ப்யூட்டர் கோணல். ஆனாலும் கேட்டுவிட்டால் எனக்குச் செய்து பார்க்காமல் இருக்க முடியாது. மாட்டினேன். நடுவில் பெட்டியே இல்லை. ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, இன்று முறை. வாய் குறுகின குடத்தைக் குழாயடியில் வைத்ததும் பாதித் தண்ணீர் வெளியே சிந்தியது. அப்போதுதான் புரிந்தது. குழாய் எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் குடம் தன் வாய்க்குத் தக்கபடிதான் வாங்கும். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். அது எழுதுகிற வேகத்தைத்தான் நான் மூன்று முறை அளந்திருக்கிறேன்.

மெயிலைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் பெட்டி நல்லது என்றும் இன்னும் நிரூபணமாகவில்லையே. பார்ப்போம்.

7 ஜூன், வெள்ளி

டிஸ்க்கைத் தொடாமல் அளக்க வழி இருக்கிறது. ஐபெர்ஃப் என்று இலவச மென்பொருள். ஒரு பக்கம் குப்பையாக எண்களை உற்பத்தி செய்து அனுப்பும், மறுபக்கம் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு வீசிவிடும். எங்கேயும் எழுதாது. காசு கிடையாது. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்தேனே என்று இருந்தது.

என் லேப்டாப்பையும் ஒரு கம்ப்யூட்டரையும் பெட்டியில் மாட்டி ஓட்டினேன். ஆயிரம் வர வேண்டிய இடத்தில் தொண்ணூற்று நாலு.

நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். "சந்தேகமே இல்ல சார். பத்துல ஒரு பங்குகூட வரல."

"நல்லதாப் போச்சு. உங்க மெயில கீழமுத்தூருக்கும் அனுப்பிட்டேன். அவங்களும் இவன்கிட்டதான் வாங்க இருந்தாங்க" என்றார். கீழமுத்தூரில் இருப்பது எங்கள் டிரஸ்டின் பெண்கள் பாலிடெக்னிக்.

மாலையில் லேப்டாப்பைப் பைக்குள் வைக்கும்போது அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். என் லேப்டாப்பின் நெட்வொர்க் துளையே நூறு மெகாபிட்தான். ஆயிரம் எப்படி வரும்?

இந்த வாரத்தில் இரண்டாவது முறையாக என் சாமானை அளந்துவிட்டு அவர் சாமான் என்று சொல்லியிருக்கிறேன்.

8 ஜூன், சனி

மாவு அரைத்தேன். பிரின்சிபாலுக்குப் போன் செய்யவில்லை. சனிக்கிழமை யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது.

10 ஜூன், திங்கள்

நூலகத்திலிருந்து இரண்டு புது லேப்டாப் இரவல் வாங்கினேன். இரண்டிலும் ஆயிரம் மெகாபிட் துளை இருக்கிறதா என்று முதலில் சீட்டைப் படித்தேன். சூடு கண்ட பூனை. மேசைமேல் பெட்டி, இரண்டு கம்பெனிக் கேபிள், இரண்டு லேப்டாப். ஓட்டினேன்.

941.

ஏன் ஆயிரம் வரவில்லை என்று அரை மணி நேரம் தேடிப் படித்தேன். ஒவ்வொரு துண்டுத் தகவலும் ஒரு உறைக்குள் போகிறது. அனுப்புநர், பெறுநர் முகவரி எல்லாம் உறைமேல். அந்த உறைகளின் எடைதான் மீதி ஐம்பத்து ஒன்பது. ஆக, 941 என்பது முழு மதிப்பெண். இதைத் தெரிந்துகொண்டதில் ஏனோ மனசு லேசாகிவிட்டது. விட மனமில்லாமல் மூன்று பெட்டியின் எழுபத்திரண்டு துளைகளிலும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டினேன். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. எழுபத்திரண்டும் 938க்குக் குறையவில்லை.

ஜெரால்டுக்கு நானே போன் செய்து சொன்னேன்.

"சந்தோஷம் மேடம். ஆனா கீழமுத்தூர்ல நூத்தி இருவது சிஸ்டத்துக்குப் பெட்டி ஆர்டரு, அது நின்னுட்டு. உங்க மெயிலத்தான் காட்டுதாங்க."

"நான் பேசுதேன்."

"புதுச்சாமான் விக்கிறவனுக்குக் கம்பெனி பேரு இருக்கு. பழசு விக்கிறவனுக்குச் சொந்தப் பேருதான் மேடம் கடை. அது போச்சுன்னா ஷட்டரை இறக்கிற வேண்டியதுதான்."

பிரின்சிபாலிடம் போனேன். "அப்ப கடைசி வரிசை ஏன் மேடம் இழுக்கு? அதக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, எல்லாத்தையும் சேத்து ஒரே மெயிலா திருத்திக்கிடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

11 ஜூன், செவ்வாய்

ஒரு லேப்டாப்பைப் பெட்டியோடு விட்டுவிட்டு, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கேபிளையும் பிடுங்கி லேப்டாப்பில் மாட்டி ஓட்டினேன்.

முதல் வரிசை 933. இரண்டாவது 870. மூன்றாவது 410. நாலாவதில் எண் நிற்கவே இல்லை, நூறுக்கும் இருநூறுக்கும் ஆடியது. கடைசி வரிசை, முப்பத்தைந்து மீட்டர் தூரம், 38.

படி இறங்குகிற மாதிரி ஒழுங்காக இறங்குகிறது. எலி கடித்திருந்தால் இப்படி வரிசை பார்த்தா கடிக்கும்? கேபிள் சோதிக்கும் குட்டிக் கருவி எங்களிடம் உண்டு. இரண்டு முனையிலும் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு எரியும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, எட்டு விளக்கு. கடைசி வரிசைக் கேபிள் பன்னிரண்டிலும் எட்டும் வரிசை தவறாமல் எரிந்தன. கேபிள் சுத்தம்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன், தூரம் போகப் போக ஏன் குறையும் என்று.

"எங்க லைன்லயும் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் கம்மியாத்தான் வரும். கடைசி வீட்டுக்காரன் டிரான்ஸ்பார்மரத்தான் ஏசுவான். நான் போயி முதல்ல வயரத்தான் பாப்பேன்."

"எங்க வயருல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நான் எங்க வயரச் சொன்னேன்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

12 ஜூன், புதன்

ஜெரால்டு பஸ் ஏறி வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. தோளில் நாற்பது மீட்டர் கம்பெனிக் கேபிள் ஒரு சுருள், இரண்டு முனையும் தொழிற்சாலையிலேயே பிளக் போட்டது. தரையில் விரித்துக் கடைசி வரிசை வரை கொண்டுபோய் மாட்டினார்.

939.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்பக் கேபிள்தான்" என்றேன். "பதினொரு வருஷம் ஆச்சுல்லா. வயசாயிட்டு."

"புதுசா ஒண்ணு நீங்களே போட்டுப் பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

13 ஜூன், வியாழன்

புதுச் சுருளிலிருந்து முப்பத்தைந்து மீட்டர் அறுத்தேன். புதுப் பிளக். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே, ஜோடி ஜோடியாக, முதலில் கோடு போட்ட கம்பி, அடுத்து அதே நிறத்தில் கோடில்லாதது: ஆரஞ்சுக் கோடு ஆரஞ்சு, பச்சைக் கோடு பச்சை, நீலக் கோடு நீலம், பழுப்புக் கோடு பழுப்பு. கணவன் மனைவி பக்கத்தில் பக்கத்தில். ஒரு குடும்பத்தையும் பிரிக்காமல் உட்காரவைத்தால் வரிசை மறக்கவே மறக்காது. என்னிடம் படித்த யாரும் இதை மறந்ததில்லை. இன்னொரு முனையிலும் அப்படியே. எட்டு விளக்கும் எரிந்தன.

ஓட்டினேன். 41.

மறுபடி வெட்டிப் போட்டேன். 39.

இன்று வேறு ஒன்றும் செய்யவில்லை.

14 ஜூன், வெள்ளி

காலை முதல் பீரியட் யாருமில்லை. ஜன்னலோரம் மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, என் பிளக் ஒன்றையும் அவர் கேபிளின் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிளக் கண்ணாடி மாதிரி, உள்ளே கம்பிகளின் நிறம் தெரியும். பதினொரு வருடமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

முதல் இரண்டு ஒன்றுபோல. மூன்றாவதும் ஒன்றுபோல, பச்சைக் கோடு. நாலாவதில் எனக்குப் பச்சை. அவருக்கு நீலம். பச்சை ஆறாவது இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. பச்சைக் குடும்பத்தைப் பிரித்து நடுவில் நீலக் குடும்பத்தைக் குடிவைத்திருந்தார்கள்.

இந்தப் படத்தைப் புத்தகத்தில் நான் பார்க்காமல் இல்லை. அது ஒரு வழக்கம், நம்முடையது ஒரு வழக்கம் என்று நினைத்திருந்தேன். எந்த வரிசையானாலும் இரண்டு முனையும் ஒன்றாக இருந்தால் போதும் என்று யாரோ ஒரு பயிற்சியில் சொன்னது காதில் தங்கிவிட்டது. இன்று உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். பெட்டி ஒரு சேதியை ஒன்று, இரண்டாம் கம்பியில் அனுப்புகிறது. அடுத்ததை மூன்று, ஆறில். அந்த இரண்டு கம்பியும் கேபிள் முழுக்க ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் உள்ளே வராது. என் கேபிளில் மூன்றாவது பச்சையோடு முறுக்கியது, ஆறாவது நீலக் கோட்டோடு முறுக்கியது. இரண்டு சேதியும் முப்பத்தைந்து மீட்டரும் ஒன்றின் பேச்சை ஒன்று கெடுத்துக்கொண்டே போயிருக்கின்றன. மூன்று மீட்டரில் அது பெரிதாகத் தெரியாது. அதனால்தான் முதல் வரிசை பறந்தது.

விளக்கு ஏன் எரிந்தது? விளக்கு கேட்பது ஒரே கேள்வி: மூன்றாவது கம்பி அந்தப் பக்கமும் மூன்றாவதாக வந்ததா? வந்தது. யாரோடு முறுக்கிக்கொண்டு வந்தது என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

காற்றோட்டம் என்றேன். பெட்டி என்றேன், வயது என்றேன். பழைய நூறு மெகாபிட் பெட்டி மெதுவாக அனுப்பியதால் என் தப்பு பாதி மறைந்தே இருந்தது. நல்ல பெட்டி வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேட வேண்டாம்.

15 ஜூன், சனி

ஜெரால்டுக்குப் போன் செய்தேன். நாலு வாக்கியத்தில் சொன்னேன். "நாளைக்குச் சர்ச்ல பூசை முடிஞ்சு வாரேன் மேடம். நாளைக்கும் திங்கக்கிழமையும் உக்காந்தா அறுவதையும் முடிச்சிரலாம்" என்றார்.

16 ஜூன், ஞாயிறு

அறுபது கேபிள், நூற்று இருபது முனை. இன்று எழுபது முடிந்தது. விரல் நுனி எல்லாம் வலி. பச்சையைப் பிரித்து நீலத்தை நடுவில் வைக்கும்போதெல்லாம் என் கை தானாகப் பழைய வரிசைக்கே போகிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது.

நடுவில் கேட்டேன். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் கட்டிங் பிளேயரைக் கீழே வைக்கவில்லை. "மூணாம் தேதியே பாத்துட்டேன். பிளக்கக் கையில எடுத்ததும்."

"பாத்துட்டு அழகா இருக்குன்னீங்க."

"அழகாத்தான இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த மெயிலே போட்டிருக்க மாட்டேன்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மேடம்? பழைய சாமான் விக்க வந்தவன், தன் பெட்டியக் காப்பாத்த நம்ம வயரக் குத்தம் சொல்லுதான்னு நினைச்சிருப்பீங்க. பிளக்கத் தொட்டதுக்கே ஒரு பார்வை பாத்தீங்க. நீங்களே அளந்தா நம்புவீங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள மெயிலு போவும்னு நினைக்கல."

நம்பியிருக்க மாட்டேன். அடுத்த கேபிளை எடுத்துக் கொடுத்தேன்.

18 ஜூன், செவ்வாய்

வந்தார்கள், பார்த்தார்கள். அறுபதிலும் வினாத்தாள் நாலு நொடியில் திறந்தது. கடைசி வரிசை 937. மையம் அங்கீகாரம் ஆயிற்று. பிரின்சிபால் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். ஜெரால்டைக் கூப்பிடவில்லை.

19 ஜூன், புதன்

பிரின்சிபாலிடம் மெயிலைப் பற்றிப் பேசினேன்.

"எதுக்கு மேடம் இனிமே? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டு. பெட்டி நல்லதுன்னு எழுதினா அப்ப என்ன கோளாறுன்னு டிரஸ்ட் கேக்கும். கேபிள்னா யாரு போட்டதுன்னு கேக்கும். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? பெட்டி பழகிட்டு, இப்ப ஓடுதுன்னு விட்ருங்க."

என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

20 ஜூன், வியாழன்

தண்ணீர் வந்தது. தொட்டி கழுவினேன். மெயில் எழுதவில்லை.

21 ஜூன், வெள்ளி

கேஸ் புக் செய்தேன். மெயில் எழுத உட்கார்ந்தேன். "கேபிள்கள் பழுதடைந்திருந்தன" என்று ஒரு வரி எழுதினேன். யார் பழுதடையச் செய்தார்கள் என்று அந்த வரியில் இல்லை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன்.

22 ஜூன், சனி

ஒரு வேலையாகத் தூத்துக்குடி போனேன். அப்படித்தான் வீட்டில் சொன்னேன். ஜெரால்டின் கடைக்கு வெளியே பஸ் ஸ்டாப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். பெட்டிகளைத் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் வந்து ஏதோ விசாரித்துவிட்டு வாங்காமல் போனார். நான் உள்ளே போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

வீட்டுக்கு வந்ததும் அனுப்பினேன். பிரின்சிபால், டிரஸ்ட் செயலர், கீழமுத்தூர்ப் பிரின்சிபால், ஜெரால்டு, நாலு பேருக்கும்.

"நான் ஜூன் நாலாம் தேதி அனுப்பிய மெயிலும் ஏழாம் தேதி வாய்வழியாகச் சொன்னதும் தவறு. ஜெரால்டு மச்சாது வழங்கிய மூன்று ஸ்விட்சுகளின் எழுபத்திரண்டு துளைகளும் முழு வேகத்தில் இயங்குகின்றன. அளவுகளை இணைத்துள்ளேன். கோளாறு, பதினொரு வருடத்துக்கு முன் நான் கேபிள்களில் கம்பி வரிசையைத் தவறாகப் போட்டது. அதே வரிசையை என் மாணவர்களுக்கும் கற்பித்திருக்கிறேன். வே. சௌந்தரவல்லி, ஆய்வகப் பயிற்றுநர்."

மாணவர்களைப் பற்றிய கடைசி வாக்கியம் முதலில் மனதில் இல்லை. அடிக்கும்போது வந்தது. வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

24 ஜூன், திங்கள்

காலை எட்டு மணிக்குக் கீழமுத்தூர்ப் பிரின்சிபாலே போன் செய்தார். ஜெரால்டை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டாராம். எங்கள் டிரஸ்ட் செயலரும் பேசினார். என்னைப் புதன்கிழமை விளக்கத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

ஆனால் கீழமுத்தூர் லேபைப் பார்ப்பது இசக்கியம்மாள். என் மாணவி, எட்டு வருடத்துக்கு முந்தின செட். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கீழமுத்தூர் பஸ் ஏறினேன். பையில் இரண்டு லேப்டாப், பிளக் போடுகிற கிரிம்பிங் கருவி ஒன்று.

வாசலிலேயே ஓடி வந்தாள். லேபைக் கோலம் போட்ட மாதிரி வைத்திருக்கிறாள். கேபிள்கள் எல்லாம் கட்டுக் கட்டாக, எண் ஒட்டி. ஒரு பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு.

"உன் மேடம்கிட்ட இருந்து மெயில் வந்துச்சுன்னு பிரின்சிபால் சொன்னாங்களா?" என்றேன்.

"சொன்னாங்க. எனக்குச் சரியா விளங்கல மேடம்."

"கடைசி வரிசைல ஓட்டிப் பாப்போமா?"

ஐபெர்ஃபை அவளுக்குக் காட்டினேன். கடைசி வரிசைக் கேபிள் ஒன்றின் இரண்டு முனையிலும் லேப்டாப்புகளை நேராக மாட்டி ஓட்டினேன், 23. இரண்டு முனையும் வெட்டி, சரியான வரிசையில் நானே போட்டேன். ஏன் பச்சையைப் பிரிக்கிறோம் என்று போடும்போதே சொன்னேன். ஓட்டினோம். 936.

சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். "இன்னொரு தடவ ஓட்டுங்க மேடம்." ஓட்டினேன். 936. இன்னொரு தடவை. அப்புறம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், முகம் மெல்ல மாறிற்று.

"போன மார்ச்ல இங்க ஒரு கம்பெனி வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட் வச்சாங்க மேடம். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கேள்வி வரவே இல்ல. டைம் முடிஞ்சுட்டு. லேப் சரியா வச்சுக்கலன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? எலியா இருக்கும்னு தரையெல்லாம் பேத்துப் பாத்தேன். கம்ப்யூட்டரை மாத்திப் பாத்தேன். கரண்டச் சந்தேகப்பட்டேன். எல்லாத்தையும் பாத்தேன் மேடம். வயரு வரிசைய மட்டும் பாக்கல. அது நீங்க சொல்லிக்குடுத்ததுல்லா."

குறை சொல்லும் குரலில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

அந்த மெமோவைக் கொண்டுவரச் சொன்னேன். பீரோவிலிருந்து எடுத்து வந்து தந்தாள். எண்ணையும் தேதியையும் இந்த நோட்டில் எழுதினேன், புதன்கிழமை விளக்கத்தில் சேர்ப்பதற்கு. மெமோவின் பின்பக்கம் இன்னொரு தாள் தைத்திருந்தது. அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்த பெண்களின் பட்டியல். பதினோரு பேர். அந்த வேலை அவர்களில் யாருக்கும் கிடைக்கவில்லை என்றாள் இசக்கி.

மெமோ எண்ணுக்குக் கீழே பதினோரு பெயரையும் எழுதிக்கொண்டேன்.